காற்று மறைப்புக்கு அப்பால்: புறாத்தீவில் ஒரு ஸ்நோர்க்கல் விபத்து

ஆகஸ்ட் விடுமுறைக்கு நிலாவெளிக்கு வந்திருந்த என் நண்பன், மாஸ்க்கும், முகம் கவிழ்ந்திருக்கும்போது வாயால் மூச்சு விடும் ஸ்நோர்க்கல் குழாயும் மாட்டிப் புறாத்தீவுக் கடலில் மிதந்து மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது உப்புநீரை மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டான். காற்று அவனைத் திறந்த கடல் பக்கம் தள்ளியது. மீட்டெடுத்தோம். கரையில் உட்கார்ந்து சிரித்துப் பேசினான், தேநீரும் குடித்தான். பின்னேரம் மூச்சு முட்டி, திருகோணமலை வைத்தியசாலையில் ஒட்சிசன் வைக்கும் நிலைக்குப் போனான். இப்போது நலமாக இருக்கிறான்.

உயிர் தப்பிவிட்டால் இப்படிப்பட்ட சம்பவங்களை யாரும் எழுதி வைப்பதில்லை. 'கடவுள் காப்பாற்றினார்' என்பதோடு முடிந்துவிடும். ஆனால் கடலில் இறந்தவர்களின் கடைசிப் பத்து நிமிடங்களைச் சொல்ல யாரும் இருப்பதில்லை. இவன் சொன்னான். படுக்கையில் இருந்தபடியே, ஒவ்வொரு நிமிடமாக, நான் கேட்கக் கேட்கச் சொன்னான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான், சரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று நாங்கள் இறங்கிய இடத்தில் அலையே இருக்கவில்லை.

இடம்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் நிலாவெளி. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கடல் தாண்டினால் புறாத்தீவு. உண்மையில் இரண்டு தீவுகள், பெரியது ஒன்று, சிறியது ஒன்று. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. பாறைகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பல முருகைக்கற் பாறைகள் வெளுத்துச் செத்தபோது, இங்கே பாதிப்பு குறைவாக இருந்தது. மான்கொம்பு முருகை, கிளிமீன், செட்டையில் கறுப்பு முனை கொண்ட சிறு சுறாக்கள், அழுங்காமை என்று பார்க்க நிறைய உண்டு. ஆழ்கடல் முழுக்குப் பயிற்சி எதுவும் இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் இருந்தே இதையெல்லாம் பார்க்கலாம் என்பதுதான் சனம் இங்கே குவியக் காரணம்.

பெரிய தீவு சுமார் 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். அவ்வளவுதான். ஆனால் அதன் பாறை 40 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. இந்த உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முக்கியமான பகுதி அதில்தான் இருக்கிறது.

போட்கள் நிலாவெளியைப் பார்த்த கரையில் ஆட்களை இறக்கிவிட்டு அங்கேயே நிற்கும். சுறாப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பாறைக்கு நடுவே உள்ள வழியால் நடந்து மறுபக்கக் கரைக்குப் போவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம்.

ஆள்

நண்பன் ஹட்டன் பக்கத்தவன், பாடசாலை ஆசிரியர். நாற்பது வயது தாண்டிவிட்டது. நீந்தத் தெரியும், ஆனால் பழகியது நீச்சல் குளத்தில். இரத்த அழுத்தம், சீனி, இதய நோய் எதுவும் கிடையாது. அடர்ந்த மீசை. மீசையை ஏன் குறிப்பிடுகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வாடகைக்கு எடுத்தது மாஸ்க்கும் குழாயும் மட்டும். பின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) இல்லை. லைஃப் ஜக்கெட் போட்டில் கொடுத்தார்கள்.

நடந்தது

காலை பத்து மணியளவில் மறுபக்கக் கரையில் இறங்கினோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி. கொஞ்ச நேரத்திலேயே ஜக்கெட் தொந்தரவு கொடுக்கத் தொடங்கியது. முகம் கவிழ்த்துப் படுத்தால் அது மேலே ஏறி நாடியை முட்டியது, தலை பின்னுக்குத் தள்ளப்பட்டது. நண்பன் கரைக்குப் போய் அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். பிறகு சௌகரியமாக மிதந்தான். ஆட்கள் நிறைந்த கரையோரத்தை விட்டு வடக்குப் பக்கமாக மெல்ல நகர்ந்தோம்.

அங்கேதான் ஆமை வந்தது. அழுங்காமை ஒன்று, முருகைக்கல் இடுக்கில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. ஆமை நகர்ந்தால் பின்னால் போகாதவர் யார்? அது அவசரமில்லாமல் போகும். நமக்கும் அவசரம் தெரியாது. நான் ஒரு சுறாக்குட்டியைக் கவனித்துவிட்டு முகத்தை வெளியே எடுத்தபோது நண்பன் என்னிலிருந்து முப்பது மீட்டருக்கு மேல் விலகிப் போயிருந்தான். தீவின் வடமுனைக்கு நேரே, பாறையின் மறைப்பு முடியும் இடத்தில் இருந்தான். அவனைச் சுற்றிலும் தண்ணீரின் நிறமே வேறாக இருந்தது. இங்கே பளபளப்பு, அங்கே சின்னச் சின்ன வெள்ளை நுரை.

அவன் சொன்னபடி அடுத்து நடந்தது இது. மாஸ்க்குக்குள் தண்ணீர் ஊறி மூக்கு வரை ஏறியிருந்தது. என்னைத் தேடித் தலையைத் தூக்கி முன்னுக்குப் பார்த்தான். அப்போது குழாயின் வாய் பின்னால் சாய்ந்து, ஒரு சிற்றலை அதற்குள் இறங்கியது. அதே நொடியில் அவன் மூச்சை இழுத்தான். இருமல். இருமி முடிக்கும் முன் இன்னொரு மூச்சு, இன்னும் கொஞ்சம் தண்ணீர். குழாயைத் துப்பினான், மாஸ்க்கைப் பிடுங்கினான். கரைப் பக்கம் திரும்பி நீந்தினான். நீந்த நீந்தப் பாறை கிட்ட வரவில்லை.

"கத்தலாம் என்று நினைச்சன் மச்சான், கத்துறதுக்குக் காத்து இல்ல." இது அவன் வாக்குமூலம். நீரில் மூச்சுத் திணறுபவர் சத்தம் போடமாட்டார் என்று உயிர்காப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். கையைத் தூக்கி அசைக்கவும் முடியாது. கைகள் தண்ணீரைக் கீழே அமுக்குவதிலேயே இருக்கும்.

நான் கிட்டப் போனபோது அவன் நிமிர்ந்த நிலையில், வாய் நீர்மட்டத்தில், கண் எங்கோ பார்த்தபடி இருந்தான். நேராக அவன் கைக்குள் போகவில்லை. மூழ்குபவர் கிடைத்ததைப் பிடித்து அதன்மேல் ஏறப் பார்ப்பார், இருவரும் போய்விடுவோம். என் ஜக்கெட்டைக் கழற்றி நீட்டினேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "மல்லாக்கப் படு. நீந்தாத. நான் இருக்கிறன்." அவ்வளவுதான் சொன்னேன். மல்லாந்ததும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது, இருமல் மட்டும் விடவில்லை. காற்றுக்கு எதிராக இருவரும் நீந்திக் கரை சேர்வது நடக்காத காரியம். மிதந்துகொண்டே ஒரு கையை உயர்த்திக் காட்டினேன்.

கரையில் பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு அக்கா எங்களைக் கவனித்திருக்கிறார். தீவுக்குக் குறுக்கே ஓடிப் போட்காரர்களிடம் சொன்னவர் அவர்தான். பெயர்கூடக் கேட்கக் கிடைக்கவில்லை. எங்கள் போட்கார நானா (அண்ணன்) தீவைச் சுற்றி வந்து, காற்றின் கீழ்ப்பக்கமாகப் போட்டை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கயிறு போட்டார். மேலே ஏற்றியதும் போட்டில் இருந்த ஒருவர் நண்பனின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்த்தார். நானா கையைத் தட்டிவிட்டார். "வயித்துல கை வைக்காதீங்க தம்பி. அவர் மூச்சு விடுறார்தானே, விட விடுங்க."

காற்று

வடகிழக்குப் பருவம் முடிந்து, மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரையின் கடல் அமைதியாக இருக்கும். உல்லாசப் பயணிகள் வருவதும் அந்தக் காலத்தில்தான். அமைதிக்குக் காரணம், தென்மேற்குப் பருவக்காற்று இங்கே தரையைத் தாண்டி வருகிறது. எங்கள் பக்கத்தில் அதைக் கச்சான் என்போம். தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று கரையோரத்தில் அலை எழுப்பாது, ஏனென்றால் அலை வளர அதற்குத் தூரம் வேண்டும். ஆக, கடலை அமைதியாக்கும் அதே காற்றுத்தான் மிதக்கும் எதையும் வங்காள விரிகுடாப் பக்கம் தள்ளுகிறது. காற்றடைத்த மிதவையில் பிள்ளைகளைக் கடலில் விடும் பெற்றோரைக் கண்டால் ஊர்க் கிழவர்கள் சத்தம் போடுவது இதனால்தான்.

இப்போது அந்த 40 மீட்டர் பாறையை இதோடு சேர்த்துப் பாருங்கள். கச்சான் வீசும்போது தீவின் மறுபக்கம் முழுக்கப் பாறையின் மறைப்பில் இருக்கும். காற்றுப் படாது, தண்ணீர் அசையாது. மறைப்பு தீவின் முனையோடு முடிகிறது. அதன் எல்லையைத் தாண்டியதும் காற்று முழு வேகத்தில் பிடிக்கும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருப்பவருக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. முதுகில் கொஞ்சம் குளிர்ந்தது என்று மட்டும் நண்பன் சொன்னான்.

மேல்நீர் ஒரு நொடிக்குக் கால் மீட்டர் நகர்ந்தால் போதும். நிமிடத்துக்கு 15 மீட்டர். பத்து நிமிடத்தில் 150 மீட்டர், அதாவது தீவின் நீளத்தில் முக்கால்வாசி. பின்ஸ் இல்லாமல், இருமிக்கொண்டு, பயத்தோடு நீந்தும் ஒருவரால் அந்த வேகத்தைத் தாண்டுவது கஷ்டம். இலங்கைக் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதனால் 'வற்று நீர் இழுத்துவிட்டது' என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. காற்றுத்தான் பிரதான காரணம். இறங்கும் கரையில் நின்று கடலைப் பார்த்து முடிவு செய்தால் இது தெரியாது. தீவின் முனைக்கு நடந்து போய் மறைப்புக்கு வெளியே பார்க்க வேண்டும். அங்கே நுரை தெரிந்தால், அந்தக் கோடுதான் எல்லை.

குழாயும் மீசையும்

ஸ்நோர்க்கல் குழாயைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. மூக்கால் விடும் மூச்சை வாயால் விடுகிறோம், வேறென்ன என்று. கணக்கு வேறு. அமைதியாக இருக்கும் ஒருவர் ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லிலீட்டர் காற்றை இழுக்கிறார். அதில் 150 மில்லிலீட்டர் அளவு தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் தங்கிவிடும், இரத்தத்துக்குப் பயன்படாது. ஸ்நோர்க்கல் குழாய் அதே அளவு இன்னொரு பங்கைச் சேர்க்கிறது. நிதானமாக ஆழ இழுக்கும்வரை பிரச்சினை இல்லை. பயம் வந்து 300 மில்லிலீட்டர் அளவில் மேலோட்டமாக, வேகமாக இழுக்கத் தொடங்கினால், உள்ளே போவதெல்லாம் தான் விட்ட பழைய மூச்சேதான். கரியமிலவாயு ஏறும், அது மூச்சுத் திணறல் உணர்வை இன்னும் தூண்டும், இன்னும் வேகமாக இழுப்பார். "குழாயில காத்து இருந்தது, ஆனா காணாது" என்று நண்பன் சொன்னதன் பொருள் இதுதான்.

ஹவாய்த் தீவுகளில் ஸ்நோர்க்கல் மரணங்களை ஆராய்ந்தவர்கள் இன்னொரு கருத்தையும் முன்வைத்தார்கள். குழாய் ஒடுக்கமாகவோ வால்வு இறுகியோ இருந்தால் மூச்சை இழுக்கக் கூடுதல் விசை வேண்டும். அந்த உறிஞ்சல் அழுத்தம், வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமலே, நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களிலிருந்து நீரைக் கசிய வைக்கலாம். இதயப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் கடுமையாக உடல் வருத்துபவர்களுக்கும் ஆபத்துக் கூட. எங்கள் வைத்தியர் ஈசிஜி எடுத்ததும், இரத்த அழுத்தம் பற்றித் துருவித் துருவிக் கேட்டதும் அதனால்தான். நண்பனின் விஷயத்தில் தெளிவாக உப்புநீர் உள்ளே போயிருந்தது. ஆனால் நாற்பது தாண்டிய எவரும், மூச்சு வழக்கத்தை விடக் கனக்கிறது என்று தோன்றிய உடனேயே குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து படுக்க வேண்டும். வாடகைக்கு வாங்கும் குழாயைக் கரையிலேயே வாயில் வைத்து வேகமாக இழுத்துப் பார்த்தால் அதன் இறுக்கம் தெரிந்துவிடும்.

மீசைக்கு வருகிறேன். மாஸ்க்கின் சிலிக்கன் ஓரம் மேலுதட்டுத் தோலில் ஒட்ட வேண்டும். நடுவே மயிர் இருந்தால் அந்த வழியால் தண்ணீர் ஊறும். நம் ஆண்களில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு, ஆனால் வாடகைக்குக் கொடுப்பவர் யாரும் சொல்வதில்லை. பட்டியை இறுக்கினால் சரியாகும் என்று இறுக்குவார்கள், ஓரம் வளைந்து இன்னும் கூட ஒழுகும். மூக்குக்குக் கீழே ஒரு சிறு கோடு அளவுக்கு மழிப்பது, அல்லது அந்த இடத்தில் வாசலின் பூசுவது, இரண்டில் ஒன்று போதும். பட்டியைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சிக் கையை எடுத்துப் பார்க்க வேண்டும். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கான மாஸ்க்.

தலையைத் தூக்கி முன்னுக்குப் பார்த்ததுதான் தண்ணீர் இறங்கிய நேரடிக் காரணம். தூரத்தில் பார்க்க வேண்டுமென்றால் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் இழுக்கக் கூடாது, உள்ளே மிச்சமிருக்கும் மூச்சால் 'பூ' என்று ஊதித் தள்ள வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வேண்டுமென்றே குழாயை அமிழ்த்தி ஊதிப் பழகினால் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும்.

ஜக்கெட், போட்

ஜக்கெட் ஏன் கழற்றப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. போட் பயணத்துக்கான ஜக்கெட் தண்ணீரில் விழுந்தவரை மல்லாத்தி, முகத்தை மேலே வைப்பதற்காகச் செய்யப்பட்டது. கவிழ்ந்து படுப்பவரோடு அது மல்லுக்கட்டும். கால்களுக்கு நடுவே போகும் பட்டி இல்லாவிட்டால் மேலே ஏறும். ஸ்நோர்க்கலுக்கென்றே வாயால் ஊதிக் காற்று ஏற்றும் மெல்லிய அங்கி இருக்கிறது, காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். நிலாவெளியில் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இதையும் வைத்திருந்தால் யாரும் கழற்றப் போவதில்லை. அது கிடைக்காதவரை சரியான அளவு ஜக்கெட்டைக் கேட்டு வாங்கி, கீழ்ப்பட்டியை இறுக்கிக் கட்டுவதுதான் வழி.

அடுத்தது போட் நிற்கும் இடம். ஆட்கள் மறுபக்கத்தில், போட் இந்தப் பக்கத்தில், நடுவே பாறை. அன்று அந்த அக்கா ஓடியிருக்காவிட்டால் போட்காரர்களுக்கு எதுவும் தெரிய வந்திருக்காது. இது எந்தப் போட்காரரின் அலட்சியமும் இல்லை, ஒழுங்கு அப்படி அமைந்திருக்கிறது. மறுபக்கத்துக்குப் போவதாக இருந்தால் அதைப் போட்காரரிடம் முதலே சொல்லி, திரும்பும் நேரமும் சொல்லிவிட்டுப் போகலாம். கூட வந்தவர்களில் ஒருவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருக்கலாம். ஆனால் என் மனதில் உள்ளது, காலை முதல் மாலை வரை மறுபக்கக் கரையில் பயிற்சி பெற்ற ஒரு உயிர்காப்பாளர், ஒரு மிதவை, ஒரு தொடர்பாடல் கருவி. இத்தனை பேர் ரிக்கெட் வாங்கி வரும் பூங்காவில் இது பெரிய கோரிக்கை இல்லை.

முருகைக்கல் மேல் மிதிக்காதே என்று எல்லோருக்கும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். பல ஆண்டு வளர்ச்சி ஒரு மிதியில் உடையும். ஆனால் மூச்சுத் திணறும் ஒருவருக்குக் கால் எட்டும் தூரத்தில் பாறை இருந்தால் அதில் நிற்கட்டும். இதைப் பயணிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

கரையில், பிறகு

வயிற்றை அமுக்குவது, தலைகீழாகப் பிடிப்பது எல்லாம் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போக அது வழி செய்யும். மூச்சு விடுபவரைச் சும்மா விட வேண்டும், மயக்கமாக இருந்தால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சே இல்லை என்றால், நீரில் மூழ்கியவருக்கு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பிறகு நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். அவருடைய இதயம் நின்றதற்குக் காரணமே ஒட்சிசன் இல்லாமை. அம்புலன்சுக்கு 1990 சுவசெரிய.

நண்பனுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, அதுவே எங்களை ஏமாற்றப் பார்த்தது. விடுதிக்கு வந்தபோது நன்றாக இருந்தான். "ஒண்டுமில்லடா, ரெண்டு வாய் உப்புத்தண்ணி." ஆனால் இருமல் நிற்கவில்லை. மூன்று மணிக்கு மேல் படி ஏறும்போது மூச்சு வாங்கினான், நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்றான். உடனே வண்டி பிடித்தோம். வைத்தியசாலையில் விரலில் மாட்டிப் பார்த்தபோது இரத்தத்தில் ஒட்சிசன் 91 வீதம். சாதாரணமாக 95க்கு மேல் இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் புகைபோலப் படர்ந்திருந்தது.

நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்திருக்க உள்ளே ஒரு வழவழப்பான படலம் இருக்கிறது. உள்ளே போகும் தண்ணீர் அதைக் குலைக்கிறது. அறைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்க, ஒட்சிசன் மணிக்கணக்கில் மெல்லக் குறையும். தண்ணீரில் தத்தளித்து மீண்ட எவரையும் சுமார் எட்டு மணி நேரம் கவனிப்பில் வைக்கச் சொல்வது இதனால்தான். இருமல் தொடர்ந்தால், மூச்சு வேகமானால், தூக்கக் கலக்கம் போலிருந்தால் காத்திருக்கக் கூடாது. எந்த அறிகுறியும் இல்லாமல் நன்றாக இருந்தவர் மூன்றாம் நாள் திடீரென்று இறந்தார் என்று சுற்றும் கதைகளை நம்பிப் பயப்படத் தேவையில்லை. அறிகுறி இருக்கும். அதை 'கொஞ்சத் தண்ணிதானே' என்று தள்ளிவிடுவதில்தான் ஆபத்து.

இரவு முழுக்க முகமூடி வழியாக ஒட்சிசன் கொடுத்தார்கள். காலையில் 96. அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள், ஒரு கிழமை கழித்து எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஹட்டனுக்குத் திரும்பும் முன் நானாவைப் பார்க்க வேண்டும் என்று நண்பன் அடம்பிடித்தான், போனோம். நானா அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "ஆமையப் பாத்தீங்களா தம்பி?" பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, முனைக்கு வெளியே நுரை கண்டால் மறுபக்கம் போகிறவர்களிடம் எல்லையைக் கையால் காட்டிவிட்டுத்தான் இறக்குகிறேன் என்றார். பக்கத்துப் போட்காரர்களிடமும் சொல்லியிருக்கிறாராம்.